போர்க்காலத்தில் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: “எல்லையில் வீரர்கள் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, இங்கே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு டிவி செய்திகளையும் அமைச்சர்களின் அறிக்கைகளையும் நையாண்டி செய்வது முறையா? இதற்கு முன் யாராவது உருப்படியாகச் செய்திருக்கிறார்களா? செய்து என்ன ஆயிற்று?”

முறைதான். ஆனால் போர்க்காலக் கிண்டல் எல்லாமே ஒரே ஜாதி கிடையாது. எதிரி நாட்டுத் தலைவனைக் கழுதையாக வரைவதற்குத் துணிச்சல் எதுவும் வேண்டாம். ஊரே கைதட்டும். சில சமயம் மேலிடத்திலிருந்து விருதுகூட வரும். 1914-இல் எர்ன்ஸ்ட் லிசாவர் என்ற ஜெர்மன் கவிஞர் இங்கிலாந்தை வெறுத்து ஒரு வசைப்பாட்டு எழுதினார்; மன்னர் கைசர் அவருக்குப் பதக்கம் கொடுத்தார். லண்டனின் ‘பஞ்ச்’ பத்திரிகை பதிலுக்கு 1915-இல் ஒரு கார்ட்டூன் போட்டது: ஒரு ஜெர்மன் குடும்பம் காலையில் வட்டமாக உட்கார்ந்து கடமையாக வெறுப்பை உமிழ்ந்துகொண்டிருக்கும். நல்ல கார்ட்டூன், இன்றும் சிரிப்பு வரும். ஆனாலும் அதை வரைந்தவர் லண்டனில் எதையும் இழக்கவில்லை.

நம் வீட்டு வாசலில் வந்து விழுகிற பேப்பரை, நம் தளபதி வெளியிடுகிற அறிக்கையை, நம் பக்கத்து நிபுணரின் கணக்கைக் கேலி செய்வதுதான் கஷ்டம். நையாண்டி என்று நான் மதிப்பதும் அதைத்தான். இதற்கு முதல் உலகப் போரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இன்று டிவியில் நாம் பார்க்கிற வித்தைகளில் பெரும்பாலானவை அப்போதே அச்சில் அரங்கேறிவிட்டன. அவற்றைக் கேலி செய்தவர்களும் மூன்று வெவ்வேறு ஊர்களில், மூன்று வெவ்வேறு குணத்தில் இருந்தார்கள்.

முதலில் அந்த “வீரர்கள் சாகும்போது கிண்டலா” என்ற வாதத்துக்கு வருகிறேன். அந்தப் போரில் இங்கிலாந்துப் பத்திரிகைகளை மிகக் கடுமையாகக் கிண்டல் செய்தவர்கள் பதுங்குகுழியில் இருந்த வீரர்களேதான்.

பெல்ஜியத்தில் ஈப்ர் என்று ஒரு ஊர். ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் அந்தப் பெயர் நுழையாமல் ‘வைப்பர்ஸ்’ ஆகிவிட்டது. குண்டுவீச்சில் இடிந்து கிடந்த அந்த ஊரில், 1916-இன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படையின் 24-ஆவது டிவிஷனைச் சேர்ந்தவர்கள் கைவிடப்பட்ட ஒரு அச்சு இயந்திரத்தைக் கண்டெடுத்தார்கள். அவர்களில் ஒரு சார்ஜென்ட் பட்டாளத்துக்கு வருமுன் அச்சுத் தொழிலில் இருந்தவர். அவர் அதைச் சரிசெய்து ஓடவைத்தார். கேப்டன் ஃப்ரெட் ராபர்ட்ஸ் ஆசிரியர், லெப்டினன்ட் ஜாக் பியர்சன் துணையாசிரியர் என்று ஒரு பத்திரிகை கிளம்பியது. பெயர் ‘தி வைப்பர்ஸ் டைம்ஸ்’. முதல் இதழின் தேதி 1916 பிப்ரவரி 12. அச்செழுத்துகள் போதாது, ஒரு பக்கத்தைக் கோத்து அடித்துவிட்டு, அதைக் கலைத்துத்தான் அடுத்த பக்கத்தைக் கோக்க வேண்டும். டிவிஷன் இடம் மாறும்போதெல்லாம் பத்திரிகையின் பெயரும் ஊருக்கு ஏற்ப மாறியது. பிரான்சில் சொம் ஆற்றங்கரைப் போரின்போது ‘சொம் டைம்ஸ்’. போர் முடிந்தபின் ‘பெட்டர் டைம்ஸ்’.

அதில் போலி விளம்பரங்கள் பிரசித்தம். ஈப்ர் ஊரின் புகழ்பெற்ற துணிச் சந்தைக் கட்டடம் கூரை போய், சுவர் ஓட்டையாகி நின்றது. “ஊரிலேயே சிறந்த காற்றோட்டமுள்ள அரங்கம்” என்று அதற்கு நாடக விளம்பரம் போட்டார்கள். ஊருக்குப் பக்கத்தில் ‘குன்று 60’ என்று ஒரு சின்ன மேடு. அதைப் பிடிப்பதும் இழப்பதுமாக ஆயிரக்கணக்கானவர்கள் செத்த இடம். “குன்று 60-இல் வீட்டுமனை விற்பனைக்கு, நல்ல காற்று, வரலாற்றுப் புகழ் ஈப்ர் நகரத்தின் அருமையான காட்சி, விவரங்களுக்கு அணுகவும்: பாஷ் அண்ட் கோ, மெனின்” என்று ஒரு விளம்பரம். ‘பாஷ்’ என்பது ஜெர்மானியர்களுக்கு வைத்த பட்டப்பெயர், மெனின் அவர்கள் கையில் இருந்த ஊர். இந்த விளம்பரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; வியன்னாவுக்குப் போகும்போது தேவைப்படும்.

ஆனால் அவர்களுடைய முக்கியமான குறி லண்டன் பத்திரிகைகள். ஹிலேர் பெல்லாக் என்ற பிரபல எழுத்தாளர் ‘லேண்ட் அண்ட் வாட்டர்’ என்ற வார இதழில் போர் ஆய்வு எழுதிவந்தார். வரைபடம், அம்புக்குறி, ஜெர்மன் தரப்பில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்ற கணக்கு, ஆகவே வெற்றி நெருங்கிவிட்டது என்ற முடிவு. இன்றைக்கு ஸ்டுடியோவில் மணல் மேடை போட்டுப் பொம்மை டாங்கி நகர்த்துகிறவர்களுக்கு இவரைப் பெரியப்பா என்று சொல்லலாம். வைப்பர்ஸ் டைம்ஸ் இவருடைய பெயரை ‘பெலரி ஹெல்லாக்’ என்று புரட்டி, இவர் பாணியிலேயே ஒரு கட்டுரை போட்டது. கணக்கு இப்படிப் போகும்: ஜெர்மனியில் சண்டை போடத்தக்க ஆண்கள் 1 கோடியே 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 லட்சம் பேர் செத்தாயிற்று, அல்லது செத்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சத்தில் 10 லட்சம் பேர் கடற்படையில் இருப்பதால் அவர்கள் சண்டைக்காரர்களே இல்லை. 25 லட்சம் பேர் தின்று கொழுத்ததால் போருக்கு லாயக்கில்லை. அப்புறம் தீராத நோயாளிகளைக் கழி, தளபதிகளையும் அவர்களுடைய அலுவலகக்காரர்களையும் கழி. கடைசியில் மேற்கு முனையில் ஜெர்மன் படையின் பலம் 16 பேர். அந்த 16 பேரால் இன்னும் நான்கு பெரிய தாக்குதலைத் தாங்க முடியாது என்று கட்டுரை ஆணித்தரமாக முடியும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெல்லாக் தப்பாகச் சொல்கிறார் என்று வைப்பர்ஸ் டைம்ஸ் எங்கும் வாதாடவில்லை. அவருடைய முறையை அப்படியே எடுத்துக்கொண்டு நாலு அடி கூடுதலாக நடந்து காட்டியது, அவ்வளவுதான். எதிரே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தச் சிப்பாய்களுக்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை. தலையைத் தூக்கினாலே தெரிந்துவிடும்.

1916 ஜூலை 1-ஆம் தேதி சொம் ஆற்றங்கரையில் பெரிய தாக்குதல் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் செத்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். அதில் இறந்தவர்கள் மட்டும் 19,240. பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றில் அதைவிட மோசமான நாள் இல்லை. ‘டெய்லி கிரானிக்கிள்’ நிருபர் ஃபிலிப் கிப்ஸ், எல்லாம் நன்றாகப் போகிறது, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இது நல்ல நாள் என்று எழுதினார். ‘டெய்லி மெயில்’ நிருபர் வில்லியம் பீச் தாமஸும் உற்சாகமாக எழுதினார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் பீச் தாமஸ் இன்னொரு படி மேலே போய், களத்தில் செத்துக் கிடக்கும்போதுகூட பிரிட்டிஷ் வீரன் மற்றவர்களைவிட அமைதியாகவும் உறுதியாகவும் தெரிகிறான் என்று எழுதினார். அதாவது பிணத்திலும் நம் பிணம் தனி. வைப்பர்ஸ் கோஷ்டி இவரை ‘டீச் போமாஸ்’ ஆக்கியது. டாங்கிகள் முதன்முதலாகப் போர்க்களத்துக்கு வந்தபோது டீச் போமாஸ் எழுதிய “நேரடி வர்ணனை”யில், ஊதா வெளிச்சத்தில் அவை ஆதிகாலப் பூதங்களைப் போலத் துள்ளிக் குதித்து விளையாடின.

சொம் தொடங்கிச் சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 31 இதழில் வந்த விளம்பரம்தான் என் கணக்கில் அந்தப் பத்திரிகையின் உச்சம். “நீங்கள் நம்பிக்கை நோயால் பாதிக்கப்பட்டவரா?” என்று தலைப்பு. கீழே கேள்விகள்: காலையில் எழும்போது நம் தரப்புக்கு எல்லாம் நன்றாக நடக்கிறது என்று தோன்றுகிறதா? இன்னும் பன்னிரண்டு மாதத்தில் போர் முடியும் என்று எப்போதாவது நினைக்கிறீர்களா? கெட்ட செய்தியைவிட நல்ல செய்தியை நம்புகிறீர்களா? போரை வெற்றியாக முடிக்கும் திறமை நம் தலைவர்களுக்கு உண்டு என்று கருதுகிறீர்களா? ஒன்றுக்காவது ஆம் என்றால் உங்களுக்கு அந்தக் கொடிய நோய் பிடித்துவிட்டது. எங்கள் இடத்தில் இரண்டு நாள் தங்கினால் சுவடே இல்லாமல் போய்விடும். ‘எங்கள் இடம்’ என்பது பதுங்குகுழி. தலைவர்களைப் பற்றிய கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பணியில் இருக்கிற ஒரு ராணுவ கேப்டன், தலைமைத் தளபதியைப் பற்றி, அச்சில், போர் நடக்கும்போது.

சிலர் இந்தப் பத்திரிகையைப் போர் எதிர்ப்பு இதழ் என்று கொண்டாடுகிறார்கள். அது மிகை. ராபர்ட்ஸ், பியர்சன் இருவருமே வீரத்துக்காக ‘மிலிட்டரி கிராஸ்’ வாங்கியவர்கள். போரை ஜெயிக்கவேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. போரைப் பற்றிய அச்சடித்த பசப்பல்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மேலதிகாரிகள் அந்தப் பத்திரிகையை விட்டுவைத்ததற்கும் அந்த விசுவாசம் ஒரு காரணமாக இருந்திருக்கவேண்டும்.

பாரிஸ் கதை வேறு மாதிரி. அங்கே கிண்டல் செய்தவர்கள் பொதுமக்கள். தணிக்கை அதிகாரி தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பத்திரிகைகள் 1914 ஆகஸ்டில் எழுதியவற்றை இப்போது படித்தால் கண்ணைக் கசக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். ஜெர்மன் குண்டுகள் மெத்தென்று வெடித்துச் சாதுவான மழையாகப் பொழிகின்றன, தோட்டாக்கள் பட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை என்று பாரிஸ் நாளிதழ் ஒன்று எழுதியது. அதே மாதம் 22-ஆம் தேதி ஒரே நாளில் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள். 24-ஆம் தேதி ‘லெ மாத்தான்’, ரஷ்யக் கோசாக் படை பெர்லினுக்கு ஐந்து நாள் பயணத் தூரத்தில் இருப்பதாகத் தலைப்புப் போட்டது. அந்த வாரம் முடிவதற்குள் டானன்பெர்க்கில் ரஷ்யாவின் ஒரு முழுப் படையே அழிந்துபோயிற்று.

இந்தச் சூழ்நிலையில்தான் 1915 செப்டம்பர் 10-இல் மோரிஸ் மரேஷால், அவர் மனைவி ழான், ஓவியர் காஸியே ஆகியோர் ‘லெ கனார் ஆன்ஷெனே’ என்ற வார இதழைத் தொடங்கினார்கள். “சங்கிலியிட்ட வாத்து” என்று பெயர். வாத்து என்றால் அங்கே பேச்சுவழக்கில் செய்தித்தாள். முதல் இதழின் அறிவிப்பு இன்னும் பழையதாகவில்லை: போர் தொடங்கியதிலிருந்து நம் பத்திரிகைகள் உண்மையைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை என்பது எல்லாரும் அறிந்ததே, மக்களுக்கு உண்மை சலித்துவிட்டது, அவர்களுக்குப் பொய்ச் செய்தி வேண்டும், ஆகவே நாங்கள் கவனமாகச் சரிபார்த்து, துல்லியமாகத் தவறாக இருக்கும் செய்திகளை மட்டுமே வெளியிடுவோம்.

ஐந்து இதழோடு படுத்துவிட்டது. 1916 ஜூலையில் மறுபடி எழுந்தது. இந்தத் தடவை அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தேர்தல். மண்டையில் பொய்யைத் திணிப்பவர்கள் என்று அர்த்தம் வருகிற ஒரு சொல்லைப் படைவீரர்கள் பத்திரிகைக்காரர்களுக்குப் பயன்படுத்திவந்தார்கள். அந்தத் ‘திணிப்போர் குலத்தின்’ தலைவர் யார் என்று வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 1917 ஜூனில் முடிவு வந்தது. பிரபல எழுத்தாளர் மோரிஸ் பாரெஸை முந்திக்கொண்டு குஸ்தாவ் எர்வே ஜெயித்தார். இந்த எர்வே யார் என்று தெரிந்தால்தான் சுவை. போருக்கு முன் அவர் தீவிர ராணுவ எதிர்ப்பாளர். நாட்டின் கொடியைச் சாணிக்குவியலில் நடவேண்டும் என்கிற அளவுக்கு எழுதிப் பெயர்போனவர், சிறைக்கும் போனவர். அவருடைய பத்திரிகையின் பெயர் ‘சமூகப் போர்’. போர் வந்ததும் ஆள் தலைகீழாக மாறிவிட்டார். 1916 பிறந்தபோது பத்திரிகையின் பெயரை ‘வெற்றி’ என்று மாற்றினார். நேற்றுவரை எல்லாவற்றையும் எதிர்த்துக் கேள்வி கேட்டவர், முதல் குண்டு வெடித்ததும் எல்லாருக்கும் முன்னால் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற காட்சியை எந்த நாட்டிலும் பார்க்கலாம். கனார் பத்திரிகை இன்றும் பாரிஸில் விளம்பரமே வாங்காமல் வந்துகொண்டிருக்கிறது.

மூன்றாமவர் வியன்னாவின் கார்ல் கிரவுஸ். 1899 முதல் ‘டீ ஃபாக்கெல்’ என்ற இதழை நடத்திவந்தவர்; 1911-க்குப் பிறகு அதை முழுக்க அவர் ஒருவரே எழுதினார். போர் தொடங்கியதும் வியன்னாவின் கவிஞர்களும் அறிஞர்களும் போட்டிபோட்டுத் தேசபக்தி எழுதியபோது இவர் சில மாதம் வாயே திறக்கவில்லை. 1914 நவம்பரில் ஒரு மேடையில் ஏறி, “சொல்வதற்கு ஏதாவது வைத்திருப்பவர் முன்னே வந்து மௌனமாக இருக்கட்டும்” என்றார். அப்புறம் அவர் மௌனமாக இல்லை என்பது வேறு விஷயம்.

மற்ற இரு பத்திரிகைகளும் கற்பனை செய்து சிரிக்கவைத்தன. கிரவுஸின் முறை அதைவிடச் சிக்கனமானது: வெட்டி ஒட்டுவது. செய்தித்தாளில் வந்ததை வந்தபடியே எடுத்து, பக்கத்தில் இன்னொன்றை வைப்பார். ஓர் உதாரணம் போதும். 1915 ஏப்ரலில் ‘லியோன் காம்பெத்தா’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை ஆஸ்திரிய நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது; 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். (நீர்மூழ்கியின் கேப்டன் கெயார்க் ஃபான் டிராப். பிற்காலத்தில் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் வரும் பாடும் குடும்பத்தின் தந்தையாக உலகப் புகழ் பெற்றாரே, அவரேதான்.) வியன்னாவின் பெரிய நாளிதழான ‘நோயே ஃப்ரயே பிரெஸ்ஸெ’யின் ஆசிரியர் மோரிட்ஸ் பெனடிக்ட். அட்ரியாட்டிக் கடலின் மீன்களுக்கும் சிங்கிறால்களுக்கும் நண்டுகளுக்கும் இப்படியொரு நல்ல காலம் வெகுநாளாக வந்ததில்லை, அந்தக் கப்பலின் ஆட்கள் கிட்டத்தட்ட எல்லாரையும் அவை விருந்துண்டன என்று அவருடைய தாள் களித்தது. அதே காலத்தில் ரோமில் போப் பதினைந்தாம் பெனடிக்ட் சமாதானம் வேண்டிப் பிரார்த்தனை வெளியிட்டிருந்தார். கிரவுஸ் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டார். ஒரு பெனடிக்ட் ஜெபிக்கிறார், இன்னொரு பெனடிக்ட் மீனுக்குச் சாப்பாடு போடுகிறார். கிரவுஸ் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவேண்டிய அவசியம் வரவில்லை.

இதே பொருளை வைத்து அவர் எழுதிய பிரம்மாண்டமான நாடகத்தின் முன்னுரையில், இதிலுள்ள மிக அப்பட்டமான கற்பனைகள் எல்லாம் மேற்கோள்களே என்று அவரே சொல்கிறார். நம்பமுடியாத வசனமாக இருந்தால் அது நிஜத்தில் யாரோ பேசியது. அந்த நாடகத்தில் ஒரு பெண் போர் நிருபர் வருவார்: துப்பாக்கி பிடித்திருக்கிறவனிடமும் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய விமானியிடமும் போய், “இப்போது உங்களுக்கு என்ன உணர்ச்சி தோன்றுகிறது?” என்று கேட்பார். அப்போது மைக் கிடையாது. இருந்திருந்தால் காட்சி முழுமையாகியிருக்கும். அது ஆலிஸ் ஷாலெக் என்ற நிஜ நிருபர். கிரவுஸின் தாக்குதல் பொறுக்காமல் 1916-இல் அவர்மேல் வழக்குப் போட்டார். இங்கே கிரவுஸ் எனக்கு உவப்பானவர் இல்லை. அதே பாணியில் எழுதிய ஆண்கள் எத்தனையோ பேர் இருக்க, ஒரு பெண் போர்க்களத்துக்குப் போனதே கேலிக்குரியது என்கிற தொனி அவரிடம் அடிக்கடி எட்டிப்பார்க்கிறது. மேதைதான், ஆனால் குரூரமான மேதை.

அவருடைய ஒரு வரியை நாடறியும்: உலகம் எப்படி ஆளப்படுகிறது, எப்படிப் போருக்குள் இழுக்கப்படுகிறது? ராஜதந்திரிகள் பத்திரிகைக்காரர்களிடம் பொய் சொல்கிறார்கள். அது அச்சில் வந்ததும் அதைப் படித்துத் தாங்களே நம்புகிறார்கள்.

இப்போது அந்தக் ‘குன்று 60’ மனை விளம்பரத்துக்கு வரலாம். 1921-இல் சுவிட்சர்லாந்தின் ‘பாஸ்லர் நாக்ரிக்டன்’ என்ற நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது: வெர்டன் போர்க்களத்துக்குக் காரில் சுற்றுலா, நல்ல ஓட்டல், சாப்பாடு உட்பட எல்லாம் சேர்த்து 117 ஃபிராங்க். லட்சக்கணக்கானவர்கள் செத்த இடம் அது. கிரவுஸ் இந்த விளம்பரத்தைத் தன் இதழில் அப்படியே மறுபதிப்புச் செய்து, “நரகத்துக்கு விளம்பரப் பயணம்” என்று தலைப்பு வைத்தார். 1916-இல் சிப்பாய்கள் கிண்டலுக்குப் போட்ட விளம்பரம், ஐந்தே வருடத்தில் காசு வாங்கிக்கொண்டு போடும் விளம்பரமாகிவிட்டது.

சரி, நம் காலத்துக்கு வருவோம். 2003 ஏப்ரலில் பாக்தாதில் ஈராக்கின் செய்தி அமைச்சர் முகமது சயீத் அல் சஹாஃப் தினமும் பேட்டி கொடுத்தார். அமெரிக்க டாங்கிகள் நகருக்குள் வந்துவிட்ட பிறகும், பாக்தாதில் ஒரு அமெரிக்கன்கூட இல்லை என்றார். உலகமே சிரித்தது. அவர் பெயரில் சட்டை, பொம்மை எல்லாம் வந்தன. அதிபர் புஷ்ஷே அந்த மாதம் ஒரு டிவி பேட்டியில், அவர் என் ஆள், பிரமாதமான மனிதர் என்று ரசித்துச் சொன்னார். ஒரு கிண்டலை உங்கள் நாட்டு அதிபரும் சேர்ந்து ரசிக்கிறார் என்றால், அந்தக் கிண்டல் அவரைத் தொடவில்லை என்றுதான் பொருள். ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்ற கதையை அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகள் அதே காலத்தில் முகத்தில் சிரிப்பே இல்லாமல் அச்சடித்துக்கொண்டிருந்தன. ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் செய்திகளில் போதிய கண்டிப்பு இல்லை என்று ஆசிரியர் குறிப்புப் போட்டு ஒப்புக்கொண்டது 2004 மே 26-இல். அதற்குள் போர் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

2025 மே மாதத்தை நினைவுபடுத்தவேண்டிய தேவை இல்லை. எல்லாரும் டிவி முன்னால்தான் இருந்தோம். மே 8-ஆம் தேதி இரவு நம் சேனல்கள் பல, கராச்சி துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கிவிட்டதாக அறிவித்தன. பாகிஸ்தானில் ஆட்சிக் கவிழ்ப்பு, ராணுவத் தளபதி கைது என்றெல்லாம் ஓடியது. எதுவும் நடக்கவில்லை. இரு நாட்டுச் சமூக வலைத்தளங்களிலும் வீடியோ கேம் காட்சிகள் நேரடிப் போர்க்காட்சியாக உலாவின. இதில் நையாண்டிக்காரனுக்குத் தொழில் நெருக்கடியே வந்துவிட்டது. காரணம், ஸ்டுடியோக்களில் விடாமல் வான்தாக்குதல் சைரன் ஒலித்ததால், குடிமைப் பாதுகாப்புத் துறையே மே 10-இல் சேனல்களுக்கு ஓர் அறிவுரை அனுப்ப நேர்ந்தது: தயவுசெய்து நிகழ்ச்சிகளில் சைரனை ஒலிக்காதீர்கள், கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால் நிஜ சைரன் அடிக்கும்போது மக்கள் எழுந்திருக்கமாட்டார்கள். வைப்பர்ஸ் டைம்ஸ் இப்படி ஒரு செய்தியைக் கற்பனையாகப் போட்டிருந்தால் கொஞ்சம் ஓவர் என்றிருப்போம். அதே நாட்களில், 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கும்படி அரசு உத்தரவிட்டிருப்பதாக எக்ஸ் நிறுவனம் தெரிவித்தது. ‘தி வயர்’ இணையதளம் தற்காலிகமாக முடக்கப்பட்டது. கராச்சியைத் தாக்கிய சேனல்கள் மறுநாளும் வழக்கம்போல ஓடின. ஒரு நெறியாளர் மட்டும் திரையில் மன்னிப்புக் கேட்டதாக நினைவு.

கேள்வியின் கடைசிப் பகுதி: செய்து என்ன ஆயிற்று?

போரை நிறுத்தியதா என்று கேட்டால், இல்லை. எந்தக் கிண்டலும் ஒரு பீரங்கியைக்கூட நிறுத்தவில்லை. கிரவுஸுக்கே இது தெரியும். 1933-இல் அவர் எழுதத் தொடங்கிய ஒரு நூலின் முதல் வரி, ஹிட்லரைப் பற்றி எனக்கு எதுவும் தோன்றவில்லை என்பது. அந்த வரிக்குப் பின் முந்நூறு பக்கத்துக்கும் மேல் எழுதினார், ஆனால் உயிரோடு இருந்தவரை முழு நூலாக வெளியிடவில்லை. மேற்கோள் காட்டியே அவமானப்படுத்த வேண்டுமானால், எதிரே இருப்பவருக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கவேண்டும். அது இல்லாத இடத்தில் இந்த ஆயுதம் வேலை செய்யாது.

வெட்கம் இருந்த இடத்தில் வேலை செய்திருக்கிறது, தாமதமாக. சொம் பற்றித் தான் எழுதியவற்றுக்காக ஆழமாக வெட்கப்பட்டதாகப் பீச் தாமஸ் 1925-இல் எழுதினார். இடையில், 1920-இல், அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தாயிற்று. கிப்ஸுக்கும் அப்படியே. எங்களுக்குத் தணிக்கை அதிகாரியே தேவைப்படவில்லை, நாங்களே எங்களுக்குத் தணிக்கை அதிகாரிகள் என்று கிப்ஸ் பிறகு எழுதினார். 1917 டிசம்பரில் அதே கிப்ஸ் ஒரு விருந்தில் போர்முனையை உள்ளபடி வர்ணித்ததைக் கேட்ட பிரதமர் லாயிட் ஜார்ஜ், ‘மான்செஸ்டர் கார்டியன்’ ஆசிரியர் ஸ்காட்டிடம் சொன்னது இது: மக்களுக்கு நிஜமாகவே தெரிந்தால் போர் நாளைக்கே நின்றுவிடும்; ஆனால் அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆக, நிருபருக்குத் தெரியும், பிரதமருக்குத் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். காசு கொடுத்துப் பேப்பர் வாங்கியவருக்கு மட்டும் தெரியாது.

என் கணக்கில் வைப்பர்ஸ் டைம்ஸ் செய்த பெரிய உபகாரம் ஒன்று உண்டு. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, ஊரிலிருந்து வந்த டெய்லி மெயிலைப் படிக்கிற ஒரு சிப்பாயை நினைத்துப் பாருங்கள். தான் பார்ப்பது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று. ஒன்று தனக்குப் பைத்தியம், அல்லது பேப்பருக்குப் பைத்தியம். பைத்தியம் உனக்கில்லையப்பா என்று அவனிடம் சொல்ல ஓர் ஆள் இருந்தது பெரிய விஷயம். கனார் பாரிஸ்வாசிகளுக்குச் செய்ததும் ஏறக்குறைய அதேதான்.

நீங்களே இப்படி எழுதிப்பார்க்க நினைக்கிறீர்கள் என்று கேள்வியின் தொனியிலிருந்து யூகிக்கிறேன். அப்படியானால் கிரவுஸின் வழியைத்தான் சொல்வேன். அவருடைய குரூரம் மட்டும் வேண்டாம். இறந்தவர்களின் குடும்பத்தையும், அழுகிறவர்களின் படத்தையும் தொடாதீர்கள். எதிரி நாட்டு அமைச்சரின் உளறலைப் பகிர ஏற்கெனவே லட்சம் பேர் இருக்கிறார்கள், அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். நம் சேனல் சொன்னதைச் சொன்னபடியே, தேதியும் நேரமும் போட்டு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஆள் அதே விஷயத்தில் என்ன சொல்கிறார் என்று பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். சொந்தச் சரக்கைக் கூடுமானவரை குறையுங்கள். அப்புறம், வீடியோவை அன்றைக்கே சேமித்துவிடுங்கள். மறுநாள் காலையில் போய்த் தேடினால் சேனல் அதை நீக்கியிருக்கும்.